சடங்கின் பதிவும் வாழ்வின் வரலாறும்: இங்கிலாந்தின் பங்குப் பதிவேடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு குடும்பத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் நாடுவது முதியோரின் நினைவையே ஆகும். அந்நினைவு பெரும்பாலும் மூன்று தலைமுறைக்கு அப்பால் செல்வதில்லை. அதற்கு முற்பட்ட காலத்தை அறிய எழுத்துச் சான்று வேண்டும். அரசர்க்கும் நிலவுடைமையாளர்க்கும் பட்டயம், சொத்து ஆவணம் முதலிய சான்றுகள் உள்ளன. உழவர், நெசவாளர், வீட்டு வேலையாள் போன்றோர்க்கு அத்தகைய சான்றுகள் கிடைப்பது அரிது. இங்கிலாந்தைப் பொறுத்தவரையில் இக்குறையைப் பெருமளவிற்கு நிறைவு செய்வன அந்நாட்டுத் தேவாலயங்களின் பங்குப் பதிவேடுகள் ஆகும்.

'பங்கு' என்பது ஒரு தேவாலயத்தின் பொறுப்பிலுள்ள ஊர் அல்லது ஊர்த்தொகுதியைக் குறிக்கும். அவ்வெல்லைக்குள் நிகழ்ந்த திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் அங்குள்ள குருவானவர் ஏட்டில் எழுதி வந்தார். ஏறத்தாழ 300 ஆண்டுகள், அதாவது 1538 முதல் 1837 வரை, எளிய மக்களின் பெயர்கள் தொடர்ச்சியாக இடம்பெற்ற முதன்மை ஆவணம் இதுவே. எனினும் இப்பதிவேடு குடும்ப வரலாற்றுக்காக எழுதப்பட்டதன்று. அது சடங்குகளைப் பதிவு செய்ததேயன்றி மனித வாழ்வுகளைப் பதிவு செய்யவில்லை. இவ்வேறுபாட்டை மறந்து பதிவேட்டை வாசிப்போர் இல்லாத முன்னோரை உருவாக்கிவிடுகின்றனர். இருந்த முன்னோரை இழந்தும் விடுகின்றனர். இக்கருத்தை வில்லியம் ஷேக்ஸ்பியர் குடும்பத்தைப் பற்றிய பதிவுகளைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதிவேட்டின் தோற்றம்

1538ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் எட்டாம் ஹென்றி மன்னரின் சமயப் பிரதிநிதியாகிய தாமஸ் குரோம்வெல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு பங்கும் ஓர் ஏட்டை வாங்கி வைத்தல் வேண்டும். வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமையன்று கோயிற் காப்பாளர் முன்னிலையில், சென்ற வாரத்தில் நிகழ்ந்த திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை அதில் எழுதுதல் வேண்டும். அவ்வேட்டை இரண்டு பூட்டுகள் பொருத்திய பெட்டியில் வைத்துக் காத்தல் வேண்டும் என்பன அவ்வாணையின் கூறுகள். தவறினால் மூன்று ஷில்லிங் நான்கு பென்னி அபராதம் விதிக்கப்பட்டது.

மக்கள் இதனை ஐயத்துடனேயே நோக்கினர். திருமுழுக்குக்கும் திருமணத்துக்கும் வரி விதிப்பதற்கான முன்னேற்பாடு இது என்ற வதந்தி பரவியது. அன்று வரி விதிக்கப்படவில்லை. ஆயினும் அவ்வச்சம் அடிப்படையற்றது என்றும் கூறிவிட இயலாது. 1694ஆம் ஆண்டுச் சட்டம் பிறப்பு, திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கு வரி விதித்தது. 1783ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு ஒன்றுக்கு மூன்று பென்னி முத்திரை வரி விதித்து, 1794 வரை நடைமுறையில் இருந்தது. பதிவேடு தொடக்கம் முதற்கொண்டே அரசும் திருச்சபையும் மக்களை எண்ணிக் காணும் கருவியாக இருந்தது என்பதை இவை உணர்த்துகின்றன.

படியெடுப்பும் இழப்பும்

தொடக்ககால ஏடுகள் பல தாளில் எழுதப்பட்டமையால் விரைவில் சிதைந்தன. எனவே பழைய பதிவுகளைத் தோல் ஏட்டில் படியெடுக்க வேண்டும் என 1598ஆம் ஆண்டு முதலாம் எலிசபெத் அரசியின் ஒப்புதலுடன் ஆணையிடப்பட்டது. சிறப்பாக அரசி ஆட்சிக்கு வந்த 1558ஆம் ஆண்டு முதலாகப் படியெடுத்தல் வேண்டும் என்று அதில் கூறப்பட்டிருந்தது. இவ்வொரு தொடரால் பல ஊர்களில் முதல் 20 ஆண்டுப் பதிவுகள் படியெடுக்கப்படாமல் அழிந்தன. இன்றுள்ள பதிவேடுகளுள் பல 1558இல் தொடங்குவதற்குக் காரணம் இதுவே. அதே ஆணை, ஆண்டுதோறும் பதிவுகளின் படி ஒன்றைப் பேராயர் அலுவலகத்துக்கு அனுப்பவும் பணித்தது. மூல ஏடு தீயிலோ ஈரத்திலோ அழிந்துபோன இடங்களில் இப்பேராயர் படிகளே இன்று ஆய்வாளருக்குத் துணையாகின்றன.

உள்நாட்டுப் போரும் அதனைத் தொடர்ந்த ஆட்சி மாற்றமும் பதிவுகளைப் பெரிதும் பாதித்தன. 1653ஆம் ஆண்டுச் சட்டம் பதிவுப் பணியைக் குருவானவரிடமிருந்து எடுத்து, ஊரார் தெரிவு செய்த பதிவாளரிடம் ஒப்படைத்தது. திருமணம் நீதிபதி முன்னிலையில் நடைபெற்றது. 1660இல் முடியாட்சி மீண்டதும் பழைய முறையும் மீண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பல ஊர்களின் ஏடுகளில் வெற்றிடங்களே காணப்படுகின்றன. ஆகவே ஒரு பெயர் பதிவேட்டில் இல்லையாயின், அந்த மனிதர் அங்கு வாழவில்லை என்று முடிவு செய்வது பொருந்தாது. அந்த ஏட்டின் வரலாற்றையே முதலில் வினவுதல் வேண்டும்.

ஸ்ட்ராட்போர்டுப் பதிவேடு

ஏவன் ஆற்றங்கரையிலுள்ள ஸ்ட்ராட்போர்டு நகரின் தூய திரித்துவத் தேவாலயப் பதிவேடு 1558இல் தொடங்குகிறது. 1600 வரையிலான பகுதி மேற்கூறிய ஆணையின்படி தோல் ஏட்டில் எடுக்கப்பட்ட படியே ஆகும். அதாவது, ஷேக்ஸ்பியரின் திருமுழுக்கைக் குறிக்கும் புகழ்பெற்ற வரியும் மூலப் பதிவன்று. பல ஆண்டுகளுக்குப் பின் வேறொருவர் கையால் எழுதப்பட்ட படியே.

அப்பதிவு 1564ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாளுக்குரியது. ஜானின் மகன் வில்லியம் என்ற செய்தி அதில் இலத்தீனில் உள்ளது. தாயின் பெயர் இல்லை. பிறந்த நாளும் இல்லை. உலகெங்கும் ஏப்ரல் 23ஆம் நாள் அவருடைய பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. பிறந்த சில நாள்களுக்குள் திருமுழுக்கு அளிக்கும் வழக்கமும், அவர் 1616இல் அதே நாளில் இறந்தார் என்னும் செய்தியும் சேர்ந்து உருவாக்கிய மரபு அது. பதிவேடு அதற்குச் சான்றளிக்கவில்லை.

ஜான், மேரி இணையருக்குப் பிறந்த எண்மரின் திருமுழுக்குகள் இப்பதிவேட்டில் உள்ளன. முதல் பதிவு ஜோன் என்னும் மகளுடையது. அது 1558ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாளுக்குரியது. 1569ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் மீண்டும் ஜோன் என்ற பெயரிலேயே ஒரு மகளுக்குத் திருமுழுக்கு நடைபெறுகிறது. முதற்பெண்ணின் அடக்கம் பதிவேட்டில் இல்லை. எனினும் இறந்த குழந்தையின் பெயரை அடுத்துப் பிறந்த குழந்தைக்கு இடுவது அக்கால வழக்கமாதலின், முதல் ஜோன் இளமையிலேயே இறந்திருக்க வேண்டும் என ஆய்வாளர்கள் கொள்கின்றனர். இங்கு ஒரு குழந்தையின் மரணத்தை நமக்கு அறிவிப்பது அதன் அடக்கப் பதிவன்று, தங்கையின் திருமுழுக்குப் பதிவேயாகும்.

ஆண்டுக் கணக்கிலும் விழிப்புத் தேவை. 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25ஆம் நாளன்றே தொடங்கியது. ஷேக்ஸ்பியரின் மூத்த மகள் சூசன்னாவின் திருமணம் 1607ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் நடைபெற்றது. அவருடைய மகள் எலிசபெத்தின் திருமுழுக்கு அதே 1607ஆம் ஆண்டின் பிப்ரவரி 21ஆம் நாளுக்குரியது. இன்றைய கணக்குப்படி நோக்குவோர் திருமணத்துக்கு முன்னரே குழந்தை பிறந்தது எனக் கருதிவிடுவர். அக்காலக் கணக்கில் பிப்ரவரி என்பது ஆண்டின் இறுதிப் பகுதி. ஆகவே அது நம் கணக்கில் 1608ஆம் ஆண்டு பிப்ரவரி ஆகும். நாள்காட்டியை அறியாத வாசிப்பு ஒரு பெண்ணின் மீது அடாத பழியைச் சுமத்தும் என்பதற்கு இது தக்க சான்று.

பெயர் மயக்கங்கள்

பதிவேட்டு ஆய்வில் மிகுதியாக நிகழும் பிழை, ஒரே பெயருடைய இருவரை ஒருவராகக் கொள்வதாகும். 1709இல் ஷேக்ஸ்பியரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதிய நிக்கலஸ் ரோ, அவர் தந்தைக்குப் பிள்ளைகள் பதின்மர் என்றார். அதே ஊரில் அதே காலத்தில் ஜான் ஷேக்ஸ்பியர் என்னும் பெயருடைய காலணித் தொழிலாளி ஒருவரும் வாழ்ந்தார். அவருடைய பிள்ளைகளின் பதிவுகளும் கவிஞரின் தந்தை பெயரில் சேர்த்து எண்ணப்பட்டன. எட்மண்ட் மலோன் முதலிய பிற்கால ஆய்வாளர்களே இருவரையும் பிரித்துக் காட்டினர்.

மற்றொரு சான்று கவிஞரின் திருமணம் பற்றியது. அத்திருமணம் ஸ்ட்ராட்போர்டுப் பதிவேட்டில் இல்லை. தேவாலயத்தில் மூன்று முறை ஓலை வாசித்த பின்னரே திருமணம் நடைபெறுவது முறை. ஒரே முறை ஓலை வாசித்து மணக்க விரும்பியமையால் வூஸ்டர் பேராயர் அலுவலகத்தில் சிறப்பு அனுமதி பெறப்பட்டது. 1582ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாளுக்குரிய அனுமதிக் குறிப்பில் மணமகளின் பெயர் ஆன் வேட்லி எனவும், மறுநாள் எழுதப்பட்ட 40 பவுண்டு பிணைப் பத்திரத்தில் ஆன் ஹாத்தவே எனவும் உள்ளன. இதனைக் கொண்டு, கவிஞரால் கைவிடப்பட்ட வேறொரு காதலி இருந்தாள் என்று கதை புனைந்தோர் உளர். 1909இல் ஃபிராங்க் ஹாரிஸ் எழுதிய நூல் அக்கதையைப் பரப்பியது. அதே நாளில் அதே அலுவலகத்தில் வேட்லி என்பவர் தொடர்பான வழக்கொன்றும் விசாரிக்கப்பட்டது. எழுத்தர் கவனக்குறைவாகப் பெயரை மாற்றி எழுதியிருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு.

இக்கட்டுரையாளர் முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்தில், மாவட்ட ஆவணக் காப்பகம் ஒன்றில் ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரை நாள்தோறும் காண நேர்ந்தது. பல ஆண்டுகள் உழைத்துத் தம் குடும்பக் கால்வழியை 17ஆம் நூற்றாண்டு வரை அவர் வரைந்திருந்தார். ஒருநாள் நுண்படச்சுருளில், தம் மூதாதை எனக் கொண்டிருந்தவரின் அடக்கப் பதிவை அவர் கண்டார். அக்குழந்தை எட்டு மாதத்தில் இறந்திருந்தது. அதற்கு முற்பட்ட நான்கு தலைமுறையும் அவருடையன அல்ல என்றாயிற்று. அவர் அன்று முழுவதும் எதுவும் எழுதவில்லை. மறுநாள் காலையில் வந்து, அண்டைப் பங்கின் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். திருமுழுக்குப் பதிவு கிடைத்தவுடன் நிறைவு கொள்ளாது, அதே பெயரில் அடக்கப் பதிவு உள்ளதா எனத் தேட வேண்டும் என்னும் ஆய்வு நெறியை இக்கட்டுரையாளர் கற்றது நூல்களிலிருந்து அன்று, அவரிடமிருந்தே.

பதிவின் விரிவாக்கம்

பிற்காலச் சட்டங்கள் பதிவுகளின் உள்ளடக்கத்தை விரிவாக்கின. ஹார்ட்விக் பிரபுவின் 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. குவேக்கர், யூதர் ஆகியோரைத் தவிர ஏனையோர் அனைவரும் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயத்திலேயே மணம் செய்தல் வேண்டும் என்றது அச்சட்டம். மணமக்களும் இரு சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும் எனவும் விதித்தது. எழுதத் தெரியாதோர் கீறலிட்டனர். அக்கால மக்களின் எழுத்தறிவை அளந்தறிய ஆய்வாளர்க்கு இக்கீறல்கள் இன்று பயன்படுகின்றன. சாட்சிகளாகப் பெரும்பாலும் உறவினரே அமைந்தமையால் உறவுமுறைகளை உறுதிசெய்யவும் அவை துணைபுரிகின்றன.

1812ஆம் ஆண்டில் ஜார்ஜ் ரோஸ் கொண்டுவந்த சட்டத்தின்படி 1813 முதல் அச்சிட்ட படிவ ஏடுகள் வந்தன. திருமுழுக்குப் பதிவில் பெற்றோர் இருவரின் பெயர், வாழிடம், தந்தையின் தொழில் ஆகியவையும், அடக்கப் பதிவில் வாழிடமும் வயதும் இடம்பெற்றன. ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிதல் இதனால் எளிதாயிற்று. 1837ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று அரசின் குடிமைப் பதிவு தொடங்கியது. அதன்பின் பங்குப் பதிவேடு துணைச் சான்றாயிற்று. 1978இல் இயற்றப்பட்ட திருச்சபை விதி, நூறாண்டு கடந்த ஏடுகளைப் பொதுவாக மாவட்ட ஆவணக் காப்பகங்களில் ஒப்படைக்கச் செய்தது.

பதிவேட்டின் மௌனங்கள்

பதிவேட்டில் யார் இல்லை என்பதும் ஆராயத்தக்கது. கத்தோலிக்கர், பாப்டிஸ்டுகள், குவேக்கர் போன்றோர் இங்கிலாந்துத் திருச்சபையின் திருமுழுக்கை ஏற்கவில்லை அல்லது தவிர்த்தனர். திருமுழுக்குக்கு முன்னரே இறந்த குழந்தைகள் பல பதிவு பெறவில்லை. தொடக்ககாலத் திருமுழுக்குப் பதிவுகளில் தந்தையின் பெயர் மட்டுமே மிகுதியாகக் காணப்படுகிறது. மணமான பெண்ணின் அடக்கம் இன்னாரின் மனைவி என்ற அளவிலேயே எழுதப்பட்டதும் உண்டு. மணம் புரியாத தாயின் குழந்தைக்கோ, அந்நிலையைச் சுட்டும் இழிசொல் பெயருடன் சேர்த்து எழுதப்பட்டது.

ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்தவேயின் பிறப்பை அறியப் பதிவேடு உதவுவதில்லை. அவர் பதிவேடு தொடங்குவதற்கு முன்னரே பிறந்தவர். 1623இல் 67ஆம் வயதில் இறந்தார் என்ற கல்லறைப் பொறிப்பைக் கொண்டே அவர் பிறந்த ஆண்டு ஏறத்தாழ 1556 எனக் கணிக்கப்படுகிறது. அவருடைய மகன் ஹாம்னெட் 1596ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் அடக்கம் செய்யப்பட்டான். அப்போது அவனுக்கு வயது 11. மரணத்தின் காரணத்தைப் பதிவேடு கூறவில்லை. 1564 ஜூலையில் கொள்ளைநோய் தொடங்கியது என்று அதே ஏட்டில் ஒரு குறிப்பு உள்ளது. ஹாம்னெட்டின் பதிவருகே அத்தகைய குறிப்பு இல்லை. மேகி ஓஃபாரல் 2020இல் வெளியிட்ட நாவலில் அவன் கொள்ளைநோயால் இறப்பதாகக் காட்டுகிறார். படைப்பாளிக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் வரலாற்று ஆய்வாளர் ஆவணம் நிற்கும் இடத்தில் தாமும் நிற்றல் வேண்டும்.

குடும்பத்திலிருந்து சமுதாயத்திற்கு

குடும்ப வரலாற்றுக்குப் பயன்பட்ட முறையே மக்கள்தொகை வரலாற்றுக்கும் அடிப்படையாயிற்று. பிரெஞ்சு அறிஞர் லூயி ஆன்ரி வகுத்த குடும்ப மீட்டுருவாக்க முறையில், ஓர் ஊரின் எல்லாப் பதிவுகளும் குடும்பவாரியாக இணைக்கப்படும். 1964இல் பீட்டர் லாஸ்லெட், ரிக்லி ஆகியோர் தொடங்கிய கேம்பிரிட்ஜ் ஆய்வுக்குழு இம்முறையை இங்கிலாந்தில் கையாண்டது. டெவன் மாவட்டத்துக் கோலிட்டன் ஊரில் பெண்களின் முதல் திருமண வயது 1560 முதல் 1646 வரை சராசரியாக ஏறத்தாழ 27 எனவும், 1647 முதல் 1719 வரை ஏறத்தாழ 30 எனவும் ரிக்லி 1966இல் வெளிப்படுத்தினார். 13 வயதுடைய ஜூலியட்டை நாடகத்தில் கண்டு, அக்காலப் பெண்கள் இளவயதிலேயே மணந்தனர் எனக் கருதியோரின் எண்ணத்தை இத்தகைய ஆய்வுகள் மாற்றின.

இக்குழுவினர் 404 பங்குகளின் பதிவுகளை எண்ணித் தொகுத்தனர். அப்பணியில் பெரும்பங்கு ஆற்றியோர் ஊதியமின்றி உழைத்த உள்ளூர் ஆர்வலர்களே. அதன் பயனாக 1981இல் ரிக்லியும் ஸ்கோஃபீல்டும் வெளியிட்ட நூல், முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்த 1801க்கு மிக முற்பட்ட காலத்தின் மக்கள்தொகையையும் கணித்தது. 1541இல் அது ஏறத்தாழ 28 இலட்சம் என மதிப்பிடப்பட்டது.

கடல் கடந்த பதிவுகள்

ஆங்கிலேயர் குடும்ப வரலாறு அந்நாட்டு எல்லைக்குள் முடிவதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சென்னைக்கு வந்தோரின் பதிவுகள் 1680இல் திறக்கப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டையின் தூய மரியாள் ஆலய ஏடுகளில் உள்ளன. அவ்வாலயத்தின் முதல் திருமணம் அதே ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் நடைபெற்ற எலிகு யேலின் திருமணமாகும். 1753இல் ராபர்ட் கிளைவின் திருமணமும் அங்கேயே நடைபெற்றது. சென்னை மாநிலத் தேவாலயப் பதிவுகளின் படிகள் 1698 முதலானவை இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் பேணப்படுகின்றன.

ஆங்கிலேயத் தந்தைக்கும் உள்நாட்டுத் தாய்க்கும் பிறந்த குழந்தைகளின் திருமுழுக்குகளும் இவற்றுள் அடங்கும். அவற்றுள் பலவற்றில் தந்தையின் பெயர் உள்ளது. தாயின் பெயர் விடுபட்டிருக்கும். அல்லது அவள் உள்நாட்டுப் பெண் என்ற குறிப்பு மட்டும் இருக்கும். இங்கிலாந்தின் சிற்றூர் ஏடுகளில் கண்ட அதே மௌனம் இங்கு இன்னும் ஆழமாகிறது. தந்தைவழியில் வார்விக்ஷயர் வரை பின்னோக்கிச் செல்லக்கூடிய ஒருவர், தாய்வழியில் ஒரு தலைமுறைகூடச் செல்ல இயலாமல் நிற்கும் நிலை இதனால் உருவாகிறது.

முடிவுரை

இன்று பங்குப் பதிவேடுகளின் படிமங்களும் பெயரடைவுகளும் இணையத்தில் கிடைக்கின்றன. மாவட்டந்தோறும் சென்று தேடிய பெயரை இன்று நொடிப்பொழுதில் காணலாம். ஆனால் பெயரடைவு பெயரைக் காட்டுமேயன்றி, அது படியா மூலமா, ஆண்டு எக்கணக்கைச் சார்ந்தது, அதே பெயருடையார் வேறு எவரும் உளரா என்பவற்றைக் காட்டுவதில்லை. தேடல் எளிதாகும் தோறும் தவறான இணைப்பும் எளிதாகிறது. உயில், பேராயர் படி, கல்லறைப் பொறிப்பு முதலிய பிற சான்றுகளோடு ஒப்பிட்ட பின்னரே ஒரு பெயரைக் கால்வழியில் சேர்த்தல் தகும்.

பள்ளிகளில் மாணவர்க்குக் குடும்பக் கால்வழி வரையும் இடுபணி அளிக்கும் ஆசிரியர்களும் இந்நெறியை எண்ணிப் பார்க்கலாம். எல்லாக் கட்டங்களையும் நிரப்பிய மாணவருக்கே முழு மதிப்பெண் என்னும் வழக்கம், தெரியாததையும் தெரிந்ததாக எழுதத் தூண்டும். சான்று கிடைக்காத இடத்தை வெற்றிடமாகவே விட்டு, ஏன் கிடைக்கவில்லை என ஓரிரு வரிகள் எழுதும் மாணவருக்கும் உரிய மதிப்பளித்தல் வேண்டும். ஸ்ட்ராட்போர்டு ஏட்டில் முதல் ஜோனின் அடக்கத்துக்கு ஒரு வரிகூட இல்லை. ஆயினும் அவ்வரி இல்லாமையைக் கவனித்தவர்களால்தான் அக்குழந்தை இன்று அக்குடும்பத்தின் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது.